கொப்பியில் எழுதாத ஒரு பிழை

படங்களில் பிழை பிடிப்பது என் கெட்ட பழக்கம். எல்லாப் படங்களிலும் அல்ல. மனிதன் முதன்முதலில் ஒலியைவிட வேகமாகப் பறந்த காலத்தைப் பற்றிய படங்களில் மட்டும். மட்டக்களப்பில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் தட்டச்சு செய்கிற, கலியாணம் கட்டாத, நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு இந்தப் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று கேட்டவர்கள் உண்டு. சுனாமியிலிருந்து என்பதுதான் உண்மையான பதில். அதைச் சொன்னால் மேலும் கேள்வி வரும் என்பதால் சும்மா சிரித்துவிட்டுப் போய்விடுவேன். இப்போது சிரிக்கவும் அலுப்பாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

சுனாமி அடித்த அடுத்த மாதம் என்னை வாகரைக்கு அனுப்பினார்கள். கடல் கொண்டுபோனவற்றைப் பட்டியல் போட்டுத் தட்டச்சு செய்வது வேலை. வீடு, தோணி, வலை, ஆடு, தையல் மெசின், ஆட்கள். தறப்பாள் கொட்டில் ஒன்றில் எனக்கும் இடம் கொடுத்தார்கள். எங்கெங்கோ இருந்து நிவாரணப் பெட்டிகள் வந்து குவிந்தன. வெயிலில் வெந்துகொண்டிருந்த சனத்துக்குப் பனிக்காலக் கோட்டுகள் வந்தன. மணலில் கால் புதைய நடந்த பெண்களுக்குக் குதி உயர்ந்த சப்பாத்துகள் வந்தன. ஒரு பெட்டியில் முழுக்கச் சீடிகள். பதினொரு படம், பதினொன்றும் ஒரே விசயத்தைப் பற்றியவை. எந்த நாட்டிலோ ஒரு விமானப் பைத்தியம் தன் வீட்டைத் துப்புரவு செய்திருக்க வேண்டும்.

முகாமில் ஒரு ரீவியும் ஜெனரேட்டரும் இருந்தன. வேறு படம் இல்லை. ஆகவே சனிக்கிழமைப் பின்னேரங்களில் அவற்றைத்தான் போட்டார்கள். ஆங்கிலம் தெரிந்தவள் என்று என்னை ரீவிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். நான் ஒரு தடியோடு நின்று கதை சொல்வேன். இவர்தான் விமானி, இவ அவருடைய மனைவி, வானத்தில் ஒரு கண்ணுக்குத் தெரியாத சுவர் இருக்குது, அதை உடைக்கப் போறார். கடல் வந்து வீட்டுச் சுவரை உடைத்துவிட்டுப் போன சனம், வானத்துச் சுவரை எவனோ உடைப்பதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்ப்பதற்கு வேறெதுவும் இருக்கவில்லை.

முன்வரிசையில் ஒரு தாயும் மகளும் எப்போதும் இருப்பார்கள். பிள்ளைக்கு அப்போது நான்கு வயது. தகப்பன் பனிச்சங்கேணி வாவியில் மீன் பிடிக்கிறவர். அவரும் சிலவேளை வந்து ஓரமாகக் குந்தியிருப்பார். பிள்ளை என்னைப் "பிளேன் மாமி" என்று கூப்பிடுவாள். ரீவியில் விமானம் மூக்கைத் திருப்பினால் போதும், அவளுடைய இரண்டு கைகளும் காதில் இருக்கும். "இப்ப சத்தம் வரப்போகுது" என்று நான் சொல்லி முடிக்க மாட்டேன், அதற்குள் பொத்தியிருப்பாள். அவ்வளவு சுறுக்கு. பிறகு கண்ணை மட்டும் உருட்டித் தாயைப் பார்ப்பாள். தாய் தலையாட்டினால்தான் கையை எடுப்பாள். அதைப் பார்க்கத் தகப்பனுக்குச் சிரிப்புத் தாங்காது.

கதை சொல்கிறவளுக்குக் கதை சரியாகத் தெரிய வேண்டும் என்று ஒரு ரோசம் எனக்கு. பட்டணத்துக்கு வந்துபோகும்போது நூலகத்தில் இருந்த தடித்த புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினேன். அப்போதுதான் படக்காரர்களின் புளுகு வெளித்தது. ஒரு கொப்பி வாங்கி இலக்கம் போட்டு எழுதினேன். அந்த வருடத்தில் செய்யப்பட்டே இராத விமானத்தைப் பறக்க விட்டிருந்தார்கள். ஒலியின் வேகத்தைத் தொட்டதும் விமானத்தின் பிடிகள் தலைகீழாக வேலை செய்யும் என்று ஒரு படத்தில் காட்டியிருந்தார்கள், அப்படியொன்றும் நடப்பதில்லை. ஒலியை முந்தும்போது எழும் வெடி முழக்கத்தை விமானி தன் இருக்கையில் இருந்தபடி கேட்டுத் திடுக்கிடுகிறார். உண்மையில் அது அவருக்குக் கேட்காது, கீழே நிற்கிறவர்களுக்குத்தான் கேட்கும். ஒலியை முந்திய முதல் விமானி விலா எலும்பு உடைந்திருந்ததை ஒளித்துக்கொண்டு, விமானக் கதவைச் சாத்த, கூட்டுகிற தும்புத்தடியின் துண்டொன்றைக் கொண்டுபோனாராம். கைக்குக் கிடைத்த இந்த அருமையான உண்மையை விட்டுவிட்டு, அவருக்கு மழையில் ஒரு காதல் காட்சி வைத்திருந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

ஒன்பதாம் இலக்கப் பிழைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏறக்குறைய எல்லாப் படத்திலும் அது இருந்தது. முற்றத்தில் ஒரு பெண் உடுப்புக் காயப்போடுகிறாள். இரைச்சல் கேட்கிறது. அண்ணாந்து பார்க்கிறாள். பிறகு விமானம் வருகிறது. ஒலியை முந்துகிற விமானத்தின் ஒலி எப்படி முந்தி வரும்? விமானம் போன பிறகல்லவா வர வேண்டும்? படக்காரர்களின் கஷ்டமும் எனக்கு விளங்கியது. சத்தம் இல்லாமல் அந்தப் பெண்ணை எப்படி அண்ணாந்து பார்க்க வைப்பது? அதற்காக உண்மையைக் கிறுக்கிவிடுவதா? ஒரு ஞாயிறு பத்திரிகைக்கு இதைப் பற்றி நீண்ட கடிதம் எழுதினேன். பாதியை வெட்டிவிட்டு மீதியைப் பிரசுரித்தார்கள். வந்த பாதியைக் கத்தரித்துக் கொப்பியின் அட்டையில் ஒட்டி வைத்தேன். அவ்வளவு பெருமை.

சுனாமி வந்து இரண்டு வருடம் ஆவதற்குள் சண்டை திரும்பவும் தொடங்கிவிட்டது. வாகரைப் பக்கம் செல்லடியும் கிபிரடியும் என்று செய்தி வந்தது. ஜெட் விமானம் எதுவானாலும் எங்கள் சனத்துக்கு அது கிபிர்தான். நான் அதற்கு முன்பே பட்டணத்து அலுவலகத்துக்குத் திரும்பியிருந்தேன். கொஞ்ச நாளில் வாகரைச் சனம் காட்டுக்குள்ளாலும் தண்ணிக்குள்ளாலும் நடந்து இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூட வளவுகளில் மறுபடியும் அதே தறப்பாள்கள். மறுபடியும் என்னை அனுப்பினார்கள். இந்த முறை பட்டியல் அல்ல, வாக்குமூலம். செத்தவர்களுக்கு மரண அத்தாட்சிப் பத்திரம் எடுக்க, எப்படிச் செத்தார்கள் என்று உறவினர் சொல்ல, நான் தட்டச்சு செய்ய வேண்டும்.

வேப்பமரத்துக்குக் கீழே ஒரு மேசை, ஒரு கதிரை, என்னுடைய மெசின். முன்னால் வரிசை. முதல் இரண்டு நாளும் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். மேலிடத்திலிருந்து தாள்கள் திரும்பி வந்தன. நீளம் கூடிப்போச்சுது, ஒழுங்கில்லை, மொழிபெயர்க்கிறவருக்கு விளங்கவில்லை. அதற்குப் பிறகு எங்களைப் போன்றவர்கள் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். வசனங்களை முதலிலேயே கட்டி வைத்துக்கொண்டேன். செல்லுக்கு ஒரு வசனம், துவக்குச் சூட்டுக்கு ஒரு வசனம், விமானத்துக்கு ஒரு வசனம். "விமான இரைச்சல் கேட்டது. அதனைத் தொடர்ந்து குண்டுகள் வீழ்ந்தன." பெயரையும் வயதையும் இடத்தையும் மாற்றினால் போதும். என்னுடைய விரல்களுக்கு அந்த வசனம் பாடம். அதை அடிக்கும்போது எழுத்தைப் பார்க்கவே தேவையில்லை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவள் வந்து முன்னால் இருந்தாள். எனக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. அவள்தான், "பிளேன் மாமியெல்லோ" என்றாள். வாகரையில் முன்வரிசையில் இருந்த தாய். பிள்ளை எங்கே என்று கேட்க வாயெடுத்துவிட்டு நிறுத்தினேன். இந்த வரிசையில் வந்து நிற்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது.

அவள் அழவில்லை. சுருக்கமாகச் சொன்னாள்.

"நான் கிணத்தடியில நிண்டன். புள்ள முத்தத்தில விளையாடித்து இருந்தா. சத்தம் கித்தம் ஒண்டுமே வரல்ல கா. முதல் புழுதிதான். முத்தத்தக் காணல்ல. மறுகாதான் சத்தம் வந்திச்சு. சத்தம் முதல் வந்திருந்தா நான் அள்ளித்துப் பங்கருக்க ஓடியிருப்பன் தானே. மூணு பாகம் தூரம்தான் பங்கர்."

நான் தலையாட்டிக்கொண்டே அடித்தேன். விமான இரைச்சல் கேட்டது. அதனைத் தொடர்ந்து குண்டுகள் வீழ்ந்தன.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். சாப்பிடாமல் இருந்தேன். வரிசை கேற்றடி வரைக்கும் நின்றது. துக்கத்தில் முன்னுக்குப் பின் சொல்கிறாள் என்றும் நினைத்தேன். இதெல்லாம் காரணமாகுமா தெரியவில்லை. இதே காட்சி ஒரு படத்தில் வந்திருந்தால் கொப்பியில் இரண்டு பக்கம் எழுதியிருப்பேன். ஒன்பதாம் இலக்கப் பிழையை அன்று நானே செய்தேன், செய்ததுகூடத் தெரியாமல். அவள் வாசிக்கவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டு எழும்பிப் போனாள். தாளின் அடியில், தட்டச்சு செய்தவர் என்ற இடத்தில், நான் என்னுடைய சுருக்கொப்பத்தைப் போட்டேன்.

இரண்டு வருடத்துக்கு மேல் கழிந்தது. வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று அறிவித்த மாதம் பட்டணத்தில் வெடி கொளுத்தினார்கள். நாங்கள் அலுவலகத்தில் தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அதற்குச் சில வாரம் பிந்தி ஒரு மத்தியானம் அந்தத் தாய் அலுவலக வாசலில் நின்றாள். மெலிந்து போயிருந்தாள். கையில் பொலித்தீன் பையில் சுற்றிய தாள். என்னுடைய தாள்.

"இதில நான் சத்தம் கேட்டன் எண்டு கிடக்கு" என்றாள். "நான் அப்படிச் சொல்லல்ல கா."

மீளக் குடியேறிப் பனிச்சங்கேணிக்குப் போன பிறகு, ஏதோ அலுவலுக்காக அவளுடைய புருசன் அந்தப் பிரதியை எடுத்து வாசித்திருக்கிறார். வாசித்துவிட்டு மடித்து வைத்தாராம். அன்றிலிருந்து அவளோடு கதைப்பதில்லை. ஏசவும் இல்லை, அடிக்கவும் இல்லை. சோற்றைப் போட்டால் தின்கிறார், எழும்பி வாவிக்குப் போகிறார். ஒருநாள் மட்டும் கேட்டாராம்: "எனக்கு வாவிக்க நிண்டே கேட்டிச்சு. உனக்கும் கேட்டிரிக்கி. கேட்டும் நீ ஏன் புள்ளையத் தூக்கல்ல?"

அவர் சொன்னதும் பொய் இல்லை. அன்று அவர் வாவிக்குள் தோணியில் இருந்தார். விமானம் அவருக்கு மேலால் போனது. இரைச்சலைக் கேட்டார். பிறகு ஊர்ப் பக்கம் புகை எழும்பியதைப் பார்த்தார். அவர் காதால் கேட்டதும் தாளில் இருந்ததும் ஒன்றாக இருந்தன. மனைவி சொன்னது மட்டும்தான் வேறாக இருந்தது.

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "மாத்தி ஒரு கடிதம் தருவியளா" என்று மட்டும் கேட்டாள். மேலதிகாரியிடம் ஓடினேன். கோப்பு எப்போதோ கொழும்புக்குப் போய்விட்டது, இப்போது வேறு விதமாக எழுதினால் இரண்டுமே பொய் என்று ஆகிவிடும், பேசாமல் இருங்கள் என்றார். அவர் கெட்ட மனிதர் அல்ல. களைத்த மனிதர். நானும் அப்படித்தானே இருந்தேன், அந்த வேப்பமரத்தடியில்.

அரசாங்கத்தின் தாளை மாற்ற முடியாது. அந்த மனிதனின் மனத்தையாவது மாற்ற முடியுமா என்று பார்க்கலாம் என்று நினைத்தேன். அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி படம். ஒரு கிழமை லீவு போட்டு, பிஸ்கட் ரின்னில் கிடந்த பதினொரு சீடியையும் திரும்பப் பார்த்தேன். சத்தம் பிந்தி வருகிற ஒரு காட்சி வேண்டும். பத்துப் படத்திலும் அந்தப் பெண் உடுப்புக் காயப்போட்டாள், இரைச்சலைக் கேட்டாள், அண்ணாந்து பார்த்தாள். முன்பு சிரித்துக்கொண்டு இலக்கம் போட்ட இடம். இப்போது ஒவ்வொரு தடவையும் அவள் அண்ணாந்து பார்க்கும் இடத்தில் படத்தை நிறுத்தினேன். படத்தில் வந்தவளுக்கு ஓட நேரம் இருந்தது. அவளுக்கு மட்டும்தான் இருந்தது.

பதினோராவது ஒரு படமே அல்ல. அந்தக் காலத்தில் எடுத்த வெறும் பதிவு. நடிகர் இல்லை, இசை இல்லை, முகாமில் பத்து நிமிடத்தில் நிறுத்தச் சொன்னார்கள். அதில் வெட்டவெளியில் தொப்பி போட்ட நான்கு பேர் நிற்கிறார்கள். ஒரு விமானம் சத்தமில்லாமல் அவர்களைத் தாண்டிப் போகிறது. அது போய் முடிந்த பிறகு நான்கு பேரும் ஒன்றாகத் துள்ளுகிறார்கள், முழக்கம் வருகிறது. அவ்வளவுதான்.

கூட வேலை செய்கிற ஒருவரிடம் கையில் கொண்டுபோகிற, திரை வைத்த சின்னச் சீடிப்பெட்டியை இரவல் வாங்கிக்கொண்டு பனிச்சங்கேணிக்குப் பஸ் ஏறினேன். இரண்டு இடத்தில் இறக்கிச் சோதித்தார்கள். இது என்ன படம் என்று ஒரு சிப்பாய் கேட்டான். பழைய படம் என்றேன். நான் போகும்போது பின்னேரம் மூன்று மணி இருக்கும். அவர் வளவில் பூவரச நிழலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அவள் குசினி வாசலில் நின்றாள். கிட்ட வரவில்லை.

"வாங்க" என்றார். கதிரை கொண்டுவந்து போட்டார். நான் இருக்கவில்லை.

"தம்பி, அந்தத் தாளில இருக்கிற வசனம் உங்கட மனுசி சொன்னதில்ல" என்றேன். "அது என்ட வசனம். எல்லாருக்கும் அதைத்தான் அடிச்சனான். அவ சத்தம் வரல்ல எண்டுதான் சொன்னவ. நான் கேட்டும் எழுதல்ல."

அவர் வலையைக் கீழே வைக்கவில்லை. கை மட்டும் நின்றது. "எனக்குக் கேட்டதே" என்றார்.

நான் பெட்டியைத் திறந்து படத்தைப் போட்டேன். நான்கு பேர், விமானம், துள்ளல். இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டேன். பிளேன் உங்களைத் தாண்டிப் போனதால் அதன் சத்தம் உங்களுக்குக் கேட்டது, அவவை நோக்கி நேராக வந்ததால் சத்தமும் பிளேனும் ஒன்றாகத்தான் வந்திருக்கும் என்று விளங்கப்படுத்த ஈர்க்குக் குச்சியால் மணலில் கீறத் தொடங்கினேன். அவர் என் கீறலைப் பார்க்கவில்லை. வாவிப் பக்கம் பார்த்தார்.

"அக்கரையில ஒருத்தன் வலைக்குக் கம்பு அறைஞ்சா, கை மேல போனாப் பிறகுதான் இஞ்ச சத்தம் வரும்" என்றார். "சின்னனில இருந்து பாக்கிறன். இத நான் நினைக்கல்ல."

குசினி வாசலில் அவள் அப்படியே நின்றாள். அவர் வலையை மடியிலிருந்து எடுத்து வைத்தார்.

"ரெண்டு வருசமா எனக்குக் கண்ண மூடினா ஒண்டுதான் வரும்" என்றார் என்னிடம். "புள்ள முத்தத்தில காதப் பொத்தித்து நிக்கிறா. உங்கட படத்துக்குப் பொத்துவாவே, அப்படி. பொத்தித்துத் தாய்ர முகத்தப் பாத்துத்து நிக்கிறா. தாய் தலையாட்டுவா எண்டு பாத்துத்து."

பிறகு கேட்டார்: "சத்தம் வரல்ல எண்டா, அப்ப பொத்தியிருக்க மாட்டா என்ன?"

எனக்கு விடை தெரியும். பதினொரு படமும் அத்தனை புத்தகமும் பார்த்தவள் நான். குண்டு போட வருகிற விமானம் ஒலியை முந்தி வருவதில்லை, ஒட்டி வரும். தாய்க்குச் சத்தமும் புழுதியும் பிரிக்க முடியாதபடி கலந்து போயிருக்கும். ஆனால் கணக்குப் போட்டால் இரைச்சல் கொஞ்சம் முந்தித்தான் வந்திருக்கும், அரைச் செக்கனோ, ஒரு செக்கனோ. தூக்கிக்கொண்டு ஓட அது யாருக்கும் போதாது. காதைப் பொத்த அந்தப் பிள்ளைக்குப் போதும்.

அவள் இப்போது குசினி வாசலை விட்டு வந்து அவருக்குப் பின்னால் நின்றாள். இரண்டு பேரும் என்னுடைய வாயைப் பார்த்தார்கள்.

"ஓம்" என்றேன். "பொத்தியிருக்க மாட்டா."